மார்ச் மாதத்து மூசைகள்

ஹிகாஷி ஒசாகா
2012 பிப்ரவரி 21

நிஷிவாகி அக்காவுக்கு,

அங்கே பனி இன்னும் கூரையை விட்டு இறங்கியிருக்காது. இங்கே பிளம் பூத்துவிட்டது. கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், சொல்லியாகிவிட்டது. ஃபேக்ஸில் அனுப்பியிருக்கலாம். ஆனால் கடை ஃபேக்ஸ் என் மனைவி சதோகோவின் மேசையை ஒட்டி இருக்கிறது, எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். பல்கலைக்கழக மின்னஞ்சல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் வெகு காலத்துக்குப் பிறகு பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை ஊதோன் நூடுல்ஸ் கடையில் நீங்கள் கேட்டதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். உங்கள் உலையைச் சூடாக்கும் சுருள் ஜனவரியில் எரிந்துபோய்விட்டது. புதியது ஜூனில்தான் வரும். உலைக்குள் வைத்து உருக்கும் கிண்ணமான மூசையை வாங்க அரசு கொடுத்த பணமோ மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாகியிருக்க வேண்டும். புதிய சுருளுக்கு மூசை என்ன அளவில் வேண்டும் என்பது உலையை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஆக இப்போது லேத்தில் கடைந்து கொடுக்கவும் வழியில்லை. எனவே நாற்பது கிராஃபைட் மூசை மார்ச்சிலேயே வந்து இறங்கியதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உலை ஓட ஓட ஒவ்வொன்றாகச் செய்து தர வேண்டும்.

நான் முடியாது என்றேன். நீங்கள் என் கிண்ணத்தில் உங்கள் இறால் வறுவலை எடுத்துப் போட்டீர்கள். அதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

சதோகோவிடம் சொன்னேன். "அந்த அக்கா கூப்பிட்டா போதும், செருப்புகூட மாட்டாம ஓடுவீங்களே. இது தப்புன்னு உங்களுக்கே தெரியுது, அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள். தப்புதான். ஆனால் அப்பா பக்கவாதத்தில் விழுந்து, உங்களுக்கு இளையவனாகப் படித்துக்கொண்டிருந்த நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தபோது, வாடகை வண்டியில் என் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வந்தது நீங்கள். பம்புக்கு வளையம் கடைந்துகொண்டிருந்த எங்கள் லேத் கடைக்கு முதல் மூசையை வரைந்து கொடுத்ததும் நீங்கள். உங்கள் வாய்ச்சொல்லால்தான் மற்றப் பல்கலைக்கழகங்களும் எங்களைத் தேடி வந்தன. இன்று கடையில் பாதிக்கு மேல் அந்த வேலைதான். இதையெல்லாம் நீங்கள் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் முடியாது என்றே இருந்திருப்பேன்.

சரி, செய்கிறேன்.

உகாய்

*

2012 மார்ச் 9

உகாய்,

உன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். சிரிக்காதே என்று எழுதிய இடத்தில்தான் ரொம்ப மோசம்.

நன்றி. எனக்கு அந்தச் சொல் சரளமாக வராது என்பது உனக்குத் தெரியும்.

நேர் வழியில் முயன்று பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதே. டோக்கியோவுக்குப் போய் அமைச்சக அதிகாரியின் எதிரே உட்கார்ந்து, சுருள் எரிந்துவிட்டது, இந்தப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன். பையன், நல்லவன்தான், பேராசிரியர் என்ற மரியாதையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "சென்செய், மாத்தறதுக்கு வழி இருக்கு. ஆனா எத்தனை பேர் முத்திரை வெக்கணும் தெரியுமா? முடியறதுக்குள்ள மே மாசம் ஆயிடும். திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, உங்களுக்குத் தேவையில்லைன்னுதான் மேல இருக்கறவங்க எடுத்துக்குவாங்க." இந்த நாட்டில் பணத்தை விழுங்குகிறவன் பிழைத்துக்கொள்வான். மிச்சம் பிடித்தவன்தான் குற்றவாளி. ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லா ஆய்வகங்களும் தேவையில்லாத பிரிண்டர் வாங்கிக் குவிப்பதை நீயும்தான் பார்த்திருக்கிறாய். நானும் பிரிண்டர் வாங்கியிருக்கலாம். சட்டப்படி சரியாக இருந்திருக்கும். ஜூனில் மூசை இல்லாமல் உலையைச் சுற்றி நின்றுகொண்டிருப்போம்.

அக்டோபரில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. நான்கு அங்குல சிலிக்கான் கார்பைடு படிகம், விரிசல் இல்லாமல். இல்லையென்றால் திட்டம் அதோடு சரி. அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "விலை குறையுமா?" சிலிக்கான் கார்பைடு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் செய்த சிப்பை ரயிலில், ஏசியில், காரில் வைத்தால் வெப்பமாக வீணாகிற மின்சாரத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் வாங்க முடியாத விலை. மற்றவர்கள் தூளை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். நாங்கள் உருகிய சிலிக்கானிலிருந்து இழுக்கிறோம். உன் மூசையின் சுவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து படிகமாகிறது. இது பலித்தால் விலை இறங்கும். போன மார்ச் சுனாமிக்குப் பிறகு அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கிற நாட்டில், இதை ஒரு சுருளுக்காகவும் ஒரு தேதிக்காகவும் விட்டுவிட என்னால் முடியாது.

பொருள் வாங்கும் ஜன்னலில் யோகோய் சான் இருப்பார். ஓய்வு பெற்றபின் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். விதிப்படி பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். தெரிந்த கடைக்காரர் கொண்டு வந்ததைத் திறந்து பார்ப்பது அவமரியாதை என்று நினைக்கிற மனிதர். காலையில் வா.

நிஷிவாகி மசாயோ

*

ஹிகாஷி ஒசாகா
2012 மார்ச் 28

அக்காவுக்கு,

கொண்டு வந்து இறக்கியதும் உங்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். கோபமில்லை. முகத்தைப் பார்த்தால் ஏதாவது உளறியிருப்பேன்.

காலிப் பெட்டியாகக் கொண்டு வரவில்லை. காலிப் பெட்டியைத் தூக்கினால் என் தோளே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். உடைந்த கிராஃபைட் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி நிரப்பினேன். யோகோய் சான் ஜன்னலைவிட்டு வெளியே வந்து, வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். "கிராஃபைட்டு என்னமா கனக்குது! ஒசாகாவுல இருந்து இந்தப் பனியில ஓட்டிக்கிட்டு வந்தீங்களா? இருங்க, சூடா ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க" என்று இயந்திரத்தில் காசு போட்டுக் காபி டின் எடுத்துக் கொடுத்தார். முத்திரை வைத்தார். குனிந்து வணங்கினார். நான் அதைவிடத் தாழக் குனிந்தேன், வேறென்ன செய்வது?

பணம் ஏப்ரலில் வரும். நான் அதைத் தொட மாட்டேன். அளவு தெரிந்ததும் வரைபடத்தை அனுப்புங்கள்.

உகாய்

*

2012 செப்டம்பர் 14

உகாய்!

வந்துவிட்டது.

நேற்று மதியம் உலையைத் திறந்தோம். நான்கு அங்குலம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், குறுக்கே ஒரு கோடு இல்லை. கொஞ்சம் பச்சை. கடைசியாக நீ அனுப்பிய மூசையின் அடி பாதிக்கு மேல் கரைந்துபோயிருக்கிறது, ஆனால் ஓட்டை விழவில்லை. ஜூலையில் ஓட்டை விழுந்து உருகிய சிலிக்கான் உலைக்குள் கொட்டியபோது, மாணவர்கள் ஆறு பேரும் என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றார்கள். நேற்று அதே ஆறு பேரும் குதித்தார்கள். நானும் குதித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த ஒன்றுக்காக நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அம்மாவின் கடைசி வாரத்தில்கூட உலையருகே இருந்தேன். அதெல்லாம் வீண் இல்லை என்று முதல் தடவையாக நேற்று தோன்றியது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பேரிக்காய் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உன் அப்பாவுக்குத் துருவிக் கொடு, விழுங்க முடியும்.

மசாயோ

*

ஹிகாஷி ஒசாகா
2012 நவம்பர் 19

அக்காவுக்கு,

திட்டம் இன்னும் மூன்றாண்டு நீண்டதற்கு வாழ்த்துச் சொல்லி எழுத வேண்டிய கடிதம் இது. பருவத்தைப் பற்றியும் எழுதவில்லை, மன்னியுங்கள்.

போன வாரம் வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வழக்கமான சோதனைதான் என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சதோகோ கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். மறுநாள் மத்தியானம், இருவரில் இளையவன் தலையைத் தூக்கி, "ஓனர், மார்ச்சுல நாப்பது மூசை குடுத்திருக்கீங்க. அதுக்கு கிராஃபைட்டு கட்டி வாங்கினது ஜூன்ல. நடுவுல எதைக் கடைஞ்சு குடுத்தீங்க? காத்தையா?" என்று கேட்டான். பக்கத்தில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் அதை நிறுத்திவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. சொல்ல வரவும் இல்லை. மார்ச்சில் கொடுக்கவில்லை, பிறகு கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். வரியைப் பொறுத்தவரை அவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் பணம் அரசுப் பணம் என்பதால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்பார்களாம்.

அவர்கள் கேட்டால் என்ன சொல்லட்டும்? நான் எதையாவது சொல்லி, அது உங்கள் கழுத்துக்கு வந்துவிடக் கூடாது. உடனே எழுதுங்கள்.

உகாய்

*

2012 டிசம்பர் 3

உகாய்,

இனி தொலைபேசியில் அழைக்காதே. நேற்று என் கணினியை எடுத்துப் போய்விட்டார்கள். விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள், உன்னையும் கூப்பிடுவார்கள்.

ஒரு யென்கூட யாரும் தின்னவில்லை. மூசைகள் வந்தன, உலைக்குள் போயின, படிகம் வந்தது. அதைச் சொல். யார் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது என்ற பேச்சு வந்தால் நீ வாய் திறக்காதே. அது நான் சொல்ல வேண்டியது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ம.

*

ஹிகாஷி ஒசாகா
2013 மார்ச் 17

நிஷிவாகி சென்செய்க்கு,

அக்கா என்பதை விட்டு இப்படி அழைத்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜனவரியில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்துகொண்டு என்னை விசாரித்தார்கள். "முதல்ல இந்தப் பேச்சை எடுத்தது யாரு?" என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னபடி, ஞாபகமில்லை என்றேன். திரும்பவும் கேட்டார்கள். ஞாபகமில்லை. மூன்றாவது தடவை கேட்ட பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில், இவன் எதையோ மறைக்கிறான் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எனக்குப் பயமில்லை. அக்கா சொல்லிக்கொள்வார் என்று இருந்தேன்.

போன வியாழன் அறிக்கை வெளியாயிற்று. கடைக்காரன் யோசனை சொன்னானாம். ஆய்வாளர் விதிகளை அறியாமல் அதற்கு இடம் கொடுத்துவிட்டாராம். உங்களுக்கு எச்சரிக்கை. எனக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்க ஆறு மாதத் தடை. சதோகோ அதைச் சத்தம்போட்டு வாசித்தாள். அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டதே தவிர காது கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு மாதம் என்றால் சின்னது என்று உங்கள் ஊரில் நினைப்பார்கள். ஒரு பல்கலைக்கழகம் தடை போட்டால் மற்றதெல்லாம் அதைப் பார்த்துப் போடும். மூன்று நாளில் நான்கு இடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரே வாசகம், தேதிதான் வேறு. கடையில் ஆறு பேர். இரண்டு பேரிடம் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் அப்பா காலத்து ஆள். "உங்கப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறார்.

யோகோய் சானின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம். கேள்விப்பட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் பாயில் தலை படக் குனிந்து, "நான் அன்னைக்குப் பெட்டியைத் திறந்து பாத்திருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. என் தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார். நான் என்ன மனுஷன் என்று தெரியாமல் வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

கடை போனால் போகட்டும் என்று சொல்கிற பெருந்தன்மை எனக்கு இல்லை. போகக் கூடாது என்றுதான் இன்னும் அலைகிறேன். ஆனால் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. அன்று ஊதோன் கடையில் கேட்டது யார்? முடியாது என்று சொன்னது யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

உகாய் யசுஹிரோ

*

2013 ஏப்ரல் 6

உகாய்,

என்னை சென்செய் என்று எழுதியது பலித்துவிட்டது. வலித்தது.

அந்த அறிக்கையில் இருக்கிற வாக்குமூலத்தை நான் எழுதவில்லை. ஹதானோ சென்செய் எழுதி எடுத்து வந்தார். உனக்கும் எனக்கும் பாடம் சொன்ன மனிதர், இன்று துறைத் தலைவர், அடுத்த வருடம் ஓய்வு. என் மேசை மேல் வைத்து, "நிஷிவாகி, கடைக்காரன் சொல்லி நடந்ததுன்னா அவனுக்கு ஆறு மாசம். நீ சொல்லி நடந்ததுன்னா உனக்கு அஞ்சு வருஷம் அரசுப் பணம் கிடையாது, திட்டம் அன்னைக்கே மூடிடுவாங்க. உகாய் நம்ம பையன்தான், புரிஞ்சுக்குவான்" என்றார். நான் முத்திரை வைத்தேன். வைத்தது நான்தான், என் கையைப் பிடித்து யாரும் அழுத்தவில்லை.

நீயே சொல். ஆறு மாணவர்கள். அதில் இரண்டு பேருக்கு இந்த வருடம் பட்டம். உலை ஒருநாள் நின்றால் மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவர எத்தனை மாதம் ஆகும் என்பது உனக்குத் தெரியும். நாடு முழுக்க அணு உலைகள் நின்றுகிடக்கின்றன, கோடையில் கிழவர்கள் ஏசி போடப் பயந்துகொண்டு செத்துப்போகிறார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற ஒரு பொருளை எல்லோரும் வாங்குகிற விலைக்குக் கொண்டுவரும் நிலையில் நான் இருக்கிறேன். ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் ஆறு மாதத் தடை. என் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

தனியார் நிறுவனங்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உன் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கூப்பிடுவார்கள்.

மசாயோ

*

2013 ஜூன் 2

உகாய்,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. மே மாதம் அனுப்பிய அட்டைக்கும் இல்லை. நான் சொன்ன நிறுவனத்தில் விசாரித்தேன். கூப்பிட்டார்களாம், ஆனால் பல்கலைக்கழகத் தடைப்பட்டியலில் இருப்பதால் சட்டப் பிரிவு வேண்டாம் என்றுவிட்டதாம். எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

இந்த மாதம் உலை நன்றாக ஓடுகிறது. கைவசம் இருந்த உன் மூசைகளில் கடைசியானதை நேற்று வைத்தோம். வேறு கடையில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது, உள்ளே உன் கிண்டல் எதுவும் எழுதிய துண்டுக் காகிதம் இருக்காது.

திட்டு. அதையாவது எழுதி அனுப்பு.

மசாயோ

*

2013 ஜூலை 22

உகாய்,

நீ கேட்டபடி செய்துவிட்டேன்.

போன திங்களன்று விசாரணைக் குழுவின் முன் போய், முந்தைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். புதிய வாக்குமூலத்தை நானே எழுதினேன். 2012 பிப்ரவரியில் யோசனையைச் சொன்னது நான், முதலில் மறுக்கப்பட்டது, பிறகு என் வற்புறுத்தலால் நடந்தது, அனைத்தும் இருக்கிறது. முத்திரையிட்ட நகலை இணைத்துள்ளேன். ஹதானோ சென்செய் என்னுடன் பேசுவதில்லை. மாணவர்களுக்கு வேறு ஆய்வகங்களில் இடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டோக்கியோவிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை, என்ன வரும் என்பது தெரிந்ததுதான்.

இனி உன் பெயரில் பழி இருக்காது. கடை பழையபடி நடக்கும் என்று நம்புகிறேன்.

நிஷிவாகி மசாயோ

*

ஹிகாஷி ஒசாகா
2013 நவம்பர் 24

அக்காவுக்கு,

காலையில் குளிர் காற்று அடித்தது. கதவோரத்தில் இலை குவிந்துகிடக்கிறது, பெருக்க மனமில்லை.

உங்கள் செய்தி நாளிதழின் மூலையில் வந்திருந்தது. ஐந்து ஆண்டு அரசுப் பணம் கிடையாது. திட்டம் மூடப்பட்டது. உலை அணைந்துவிட்டது என்று, போன வாரம் வேறு வேலையாக வந்த எரிவாயு உருளைக் கடைக்காரர் சொன்னார். நீங்கள் அணைக்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்கவிடவில்லையாம்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் புதிய வாக்குமூலம் வந்ததும் செப்டம்பரில் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அதே ஐந்து பேர். "ஜனவரியில மூணு தடவை கேட்டோம். மூணு தடவையும் ஞாபகமில்லைன்னீங்க. இப்ப சென்செய் எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க. அப்ப நீங்க குழுகிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க, இல்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். விசாரணையில் உண்மையை மறைத்ததற்காகத் தடை இன்னும் ஓராண்டு கூடியிருக்கிறது. கேட்டது யாராக இருந்தாலும், வராத பொருளை வந்ததாக எழுதிக் கொடுத்தது கடைதான் என்பதில் மாற்றமில்லையாம். அது நியாயம்தான்.

கடையை மூடுகிறேன். அப்பா ஆகஸ்டில் போய்விட்டார். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று சதோகோ சொன்னாள், நானும் சரி என்றேன். பெரிய லேத்தை வியாழக்கிழமை எடுத்துப் போகிறார்கள். நான் கூரியர் நிறுவனத்தில் வண்டி ஓட்டப் போகிறேன்.

நான் மார்ச்சில் உங்களிடம் ஒன்றுதான் கேட்டேன். அதைக் குழுவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? என்னிடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். ஏப்ரலில் நான்கு பக்கம் எழுதினீர்கள். அதில் ஹதானோ சென்செய் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள், நாட்டின் மின்சாரம் இருந்தது. ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், நான் கேட்டது மட்டும் இல்லை. அதனால்தான் பதில் எழுதவில்லை. வேறு கோபமில்லை.

நீங்கள் பொய் சொன்னபோது என் கடை போயிற்று. ஆனால் எங்கோ பனிக்குள் உலை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் என் மூசை கரைந்து படிகமாகிக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டேதான் அதை நினைத்துக்கொள்வேன். சதோகோவிடம்கூடச் சொன்னதில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னபிறகு அதுவும் இல்லை. இரண்டையும் நீங்களே அழித்துவிட்டு, நீ கேட்டபடி செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்காக நீங்கள் செய்ய வேண்டியிருந்தது அதைவிட எவ்வளவோ சின்னது. ரயில் ஏறி வந்து, எதிரே உட்கார்ந்து, "நான்தான்டா கேட்டேன், என்னை மன்னிச்சிடு" என்று சொல்லியிருந்தால், அப்படியே இருக்கட்டும் அக்கா, உலையைப் பாருங்கள் என்று நானே உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீங்கள் இணைத்திருந்த வாக்குமூலத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், தேதி ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லா இடத்திலும் 'மேற்படி வணிகர்' என்று இருக்கிறது. என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

உகாய்